ராமேஸ்வரப் பயணத்தின் கடைசி நாள்: குமரி மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு

நம் மாவட்டத்துக்கு வடகிழக்கே, பாம்பன் பாலத்துக்கு அப்பால் இருக்கும் அந்தத் தீவுக்கு நம் ஊர்க் குடும்பங்கள் போவது பெரும்பாலும் இரண்டு இரவு, மூன்று பகல் என்ற கணக்கில்தான். முதல் இரண்டு நாட்களுக்குத் திட்டம் ஒன்றும் பெரிதாகத் தேவைப்படாது. இறங்கியதும் அறை, பிறகு கோயில், அதன் பிறகு தனுஷ்கோடி என்று அவை தாமாகவே நடந்துவிடும். கெட்டுப்போவது மூன்றாவது நாள்தான். ஈரத் துணிகள், குறித்த நேரத்துக்குள் காலி செய்ய வேண்டிய அறை, மதியம் சாத்தப்படும் கோயில் நடை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் திரும்பும் வழி ஆகிய நான்கும் அந்த ஒரு நாளில் வந்து மோதிக்கொள்ளும். பெற்றோருடனும் பிள்ளைகளுடனும் பலமுறை போய், ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றில் இடறி விழுந்த பிறகு நான் கைக்கொண்டிருக்கும் ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

ஊருக்குத் திரும்பும் வண்டியை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி அந்த நாளை அமைக்க வேண்டும் என்பதே இதில் அடிப்படை. நம்மில் பலர் போகும் வண்டிக்கு முன்பதிவு செய்துவிட்டு, திரும்புவதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். ராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலான விரைவு ரயில் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டுமே ஓடுகிறது. திரும்பும் நாள் அந்த மூன்றில் ஒன்றாக இல்லாவிட்டால் மொத்தப் பயணமும் பேருந்துப் பயணமாக மாறிவிடும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுவதால், திரும்பும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்து இரண்டு நாள் பின்னால் எண்ணிக் கிளம்பும் நாளைக் குறிப்பதே சரியான முறை. அமாவாசைகளையும் அப்போதே நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தக் கரையிலும் கோயிலுக்குள்ளும் திரளும் கூட்டத்தில் முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நேரத்துக்கு ஊர் திரும்புவது நடக்கிற காரியமன்று. பிதுர்க்கடன் செய்வதற்கென்றே போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் அமாவாசைக்கு மறுநாளைத்தான் கடைசி நாளாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, எதைக் கடைசி நாளுக்கு வைப்பது, எதை வைக்கக்கூடாது என்பது. கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடுவதைக் கடைசி நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. இதற்கு எதிராகச் சொல்கிறவர்கள் உண்டு. ஈரத் துணியோடு ஊர் திரும்ப வேண்டியிருக்குமே, முதல் நாளே முடித்துவிட்டால் துணி காய்ந்துவிடுமே என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த 22-இல் இறுதியானது கோடி தீர்த்தம். கோடி தீர்த்தம் ஆடிய பிறகு ராமேஸ்வரத்தில் இரவு தங்கக்கூடாது, அப்படியே ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று முதியவர்கள் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வீட்டில் ஒரு பாட்டி இருந்து, முதல் நாளே தீர்த்தமாடிவிட்டு இரண்டு இரவு தங்கினீர்களானால், அந்த இரண்டு இரவும் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். துணி காய்வதற்கு வழி செய்துவிடலாம்.

தனுஷ்கோடியைக் கடைசி நாளுக்கு வைக்கவே கூடாது. ஊரிலிருந்து அரிச்சல்முனை வரை 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்வர இரண்டு மணி நேரம் என்று வாடகை ஆட்டோக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் போதாது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் அடித்த புயலும் கடல் நீரும் அந்த ஊரையும், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோயின. அதன் பிறகு அது மனிதர் வாழ்வதற்கு ஏற்ற இடமன்று என்று அறிவிக்கப்பட்டது. இடிந்த தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்பதைப் பார்க்கும்போது, 2004 டிசம்பரில் குளச்சலையும் மணக்குடியையும் பார்த்தவர்களுக்கும், 2017-இல் ஒக்கிப் புயலின்போது கரையில் நின்று காத்திருந்தவர்களுக்கும் அது வெறும் படமெடுக்கும் இடமாகத் தோன்றாது. என் தந்தை அந்தத் தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் பேசாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கீழே வண்டிக்காரர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார். அன்று எங்களுக்கு மாலையில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தனுஷ்கோடியை இரண்டாம் நாளுக்கு மாற்றிக்கொண்டேன். சேதுவில் நீராடிவிட்டுப் பிறகு ராமநாதரைத் தொழுவதுதான் பழைய முறையும்கூட என்பதால் இந்த வரிசையில் தவறொன்றுமில்லை.

எப்படியோ தனுஷ்கோடி கடைசி நாளில்தான் வந்து விழுந்துவிட்டது என்றால், தீர்த்தத்தையோ தனுஷ்கோடியையோ ஒன்றை விட்டுவிடத் தயாராக இருங்கள். இரண்டையும் செய்துதான் ஆக வேண்டும் என்றால் தீர்த்தத்தை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, காலை உணவுக்குப் பின் நேரே கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். அரிச்சல்முனையில் ஒதுங்குவதற்கு நிழல் கிடையாது. மாலையானதும் அந்தச் சாலையில் வண்டிகளை உள்ளே விடுவதில்லை என்பதால் பிற்பகலுக்கு ஒத்திப்போடுவதும் ஆபத்து. அங்கே குளிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: சாலையின் ஒரு பக்கம் இருக்கும் பாக்கு நீரிணைக் கடலைத் தீவுக்காரர்கள் பெண்கடல் என்றும், மறுபக்கம் இருக்கும் மன்னார் வளைகுடாக் கடலை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். முன்னது குளம்போல் அமைதியாக இருக்கும். பின்னது நம் முட்டத்துக் கடலைப்போல் சீறும். முனையில் இரண்டும் சேருகின்றன. அலையோடு பிறந்தவர்கள் நாம் என்ற தைரியத்தில் யாரும் அந்த நீரில் இறங்க வேண்டாம்.

இனி, முந்தின இரவு. கடைசி நாள் உண்மையில் அப்போதே தொடங்கிவிடுகிறது. விடுதியில் முதலில் கேட்க வேண்டியது, அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பது. சில விடுதிகளில் நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. சில விடுதிகளில் யார் எப்போது நுழைந்தாலும் நண்பகல் கணக்கு. ரயிலில் போய் விடியற்காலையில் அறை எடுத்தவர்களுக்கு 24 மணி நேரக் கணக்கு என்றால் கடைசி நாள் விடியும்போதே அறையின் காலம் முடிந்துவிடும். அதாவது தீர்த்தமாடப் போகும் நேரத்தில் உங்கள் பெட்டிகளுக்கு இடமில்லை. ஒருமுறை இதைக் கேட்காமல் விட்டு, கோயிலிலிருந்து நனைந்து திரும்பி வந்த எங்களிடம் ஒரு விடுதியில் முழு நாள் வாடகை கேட்டார்கள். விதிப்படி அவர்கள் கேட்டது சரிதான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆகவே முந்தின இரவே பேசி, அரைநாள் வாடகை கொடுத்தாவது நண்பகல் வரை அறையை வைத்துக்கொள்ளுங்கள். இரவு ரயிலில் திரும்புகிறவர்கள், அறையைக் காலி செய்த பின் பெட்டிகளை மாலை வரை வரவேற்பறையில் வைத்துக்கொள்ள அனுமதிப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு பெட்டிகளைக் கட்டிவிட வேண்டும். மறுநாள் உடுத்த வேண்டிய உலர்ந்த துணி, தீர்த்தத்துக்கு உடுத்தும் துணி, துண்டு, மருந்து, சீட்டுகள் ஆகியவற்றைத் தவிர மற்ற எல்லாம் இரவே பெட்டிக்குள் போய்விட வேண்டும். தீர்த்தத்துக்குப் பருத்தித் துணியே நல்லது. ஜீன்ஸ் போன்ற தடித்த துணியை உடுத்திப் போகிறவர்கள் 22 கிணறுகளின் நீரையும் கால்களில் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கும், அது காய்வதற்கு இரண்டு நாளாகும். பெண்கள் அடர்நிறச் சுடிதாரோ பருத்திப் புடவையோ உடுத்துவது வசதி. மோதிரம், மெல்லிய சங்கிலி, கழன்று விழக்கூடிய கொலுசு ஆகியவற்றை இரவே கழற்றிவிடுங்கள். கடலில் விரல் சுருங்கும்போது மோதிரம் போவது தெரியாது. கைப்பேசியைக் கோயிலுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. அதையும் அறையிலேயே பூட்டி வைத்துவிடலாம்.

வீட்டிலிருந்து கொண்டுபோன மட்டிப்பழம் மூன்றாம் நாள் வரை தாங்காது என்பதால் அதை முதல் நாளே தின்று தீர்த்துவிட்டு, ஏத்தங்காய் உப்பேரியை, அதாவது நேந்திரங்காய் வறுவலை, கடைசி நாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். தீர்த்தமாடி முடிக்கும்போது வரும் பசி சாதாரணப் பசி அன்று.

காலையில், கோயில் நடை திறந்ததும் நடக்கும் ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போக விரும்புகிறவர்கள் 5 மணிக்கெல்லாம் கோயிலில் இருக்க வேண்டும். இதைத் தீர்த்தத்துக்கு முன், உலர்ந்த துணியில் முடித்துவிடுவதே எளிது. முந்தின நாள் விடியற்காலையிலேயே பார்த்துவிட்டால் இன்னும் எளிது. அதன் பிறகு கோயிலின் கிழக்கே இருக்கும் அக்னி தீர்த்தத்துக்கு, அதாவது கடலுக்கு, போக வேண்டும். முதலில் கடல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம் என்பதே முறை. இந்த வரிசைக்கு ஒரு நடைமுறை நன்மையும் உண்டு: கடல் உப்பை அடுத்து வரும் வாளித் தண்ணீர் கழுவிவிடும். கடற்கரையில் உடுத்திய துணியைக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். பாவம் துணியோடு போகிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள். துணி எங்கும் போவதில்லை, அடுத்து வருகிறவரின் காலில் சுற்றிக்கொள்கிறது. வேறொருவர் பாவம் என் காலில் சுற்றியதுபோல ஒரு முறை அரைமணி நேரம் மனம் சங்கடப்பட்டது.

இங்கே ஒரு ஏற்பாடு மிக முக்கியம். இதைச் செய்யாத குடும்பங்கள்தான் பிரகாரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கின்றன. குடும்பத்தில் ஒருவர் நனையாமல் இருக்க வேண்டும். நனையாத அந்த ஆளிடம் உலர்ந்த துணிப்பை, அறைச் சாவி, பணம், மூக்குக் கண்ணாடிகள் ஆகிய எல்லாம் இருக்கும். பொதுவாக இந்தப் பொறுப்பு, சளி பிடித்த ஒருவருக்கோ சிறு குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கோ தானாக வந்து சேரும். எல்லோரும் நீராட வேண்டும் என்றால் இரண்டு அணியாகப் பிரிந்து, முதல் அணி உடை மாற்றி வந்த பிறகு இரண்டாம் அணி போகலாம். நேரம் கூடுதலாகும், ஆனால் ஈரப் பணத்தை எண்ண வேண்டியிருக்காது. ஈரத் துணியோடு சந்நிதிக்குள் தரிசனத்துக்கு விடமாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். தீர்த்தம் முடித்து, உடை மாற்றி, அதன் பிறகுதான் ராமநாதரையும் பர்வதவர்த்தினி அம்மனையும் தரிசிக்க முடியும். உலர்ந்த துணியை அறையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அறைக்குப் போய்த் திரும்பவும் வரிசையில் நிற்பதற்குள் நண்பகல் ஆகிவிடும். மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் மீண்டும் 3 மணிக்குத்தான் திறக்கும்.

22 தீர்த்தங்கள் என்பவை கோயில் வளாகத்துக்குள்ளேயே பரவிக் கிடக்கும் கிணறுகளும் சிறு குளங்களும்தான். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, காயத்ரி, சரஸ்வதி, நளன், நீலன், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை என்று பெயர் பெயராகப் போய்க் கோடி தீர்த்தத்தில் முடியும். கட்டணச் சீட்டு வாங்கிக்கொண்டால் கிணற்றின் மேல் நிற்கும் பணியாளர்கள் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். நீரின் சுவை கிணற்றுக்குக் கிணறு வேறுபடும் என்பார்கள்; இத்தனை கடலுக்கு நடுவில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்பு இல்லாத நீர் ஊறுவதே கடற்கரைக் கிராமங்களில் குடிநீருக்கு அலைந்தவர்களுக்குப் பெரிய வியப்பு. கூட்டமில்லாத நாளில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். கூட்டமான நாளில் எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட முயலாதீர்கள்.

கருங்கல் தரை முழுவதும் நனைந்து வழுக்கும். பிள்ளைகள் கிணற்றுக்குக் கிணறு ஓடுவார்கள். அவர்களை ஓடவிடாமல் பிடிக்கும் வேலையைத் தெளிவாக ஒருவரிடம் ஒப்படையுங்கள். முதியவர்கள் எல்லாத் தீர்த்தத்திலும் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. கையில் வாங்கித் தெளித்துக்கொண்டால் போதும். நீரிழிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இந்தச் சுற்றைத் தொடங்க வேண்டாம். வெறுங்காலுடன் நெடுநேரம் ஈரத்தில் நடப்பதால், முடிந்ததும் பாதங்களை விரல் இடுக்கு வரை துடைத்துப் பார்த்துக்கொள்வதும் அவர்களுக்கு அவசியம். கோடி தீர்த்த நீரை ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் மூடி இறுக்கமான புட்டியை நனையாத ஆளின் பையில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். வீட்டில் எதிர்பார்த்திருப்பவர்களுக்கு வேறு எதைக் கொண்டுபோனாலும் இதற்கு ஈடாகாது.

உடை மாற்றும்போது ஆண்கள் வேட்டிக்கு மாறிக்கொள்வது நல்லது. சுசீந்திரத்திலும் குமரியம்மன் கோயிலிலும் சட்டையைக் கழற்றிப் பழகிய நம்மவர்கள் இங்கேயும் கை தானாகப் பொத்தானுக்குப் போகக் காண்பார்கள். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. தரிசனம் முடிந்ததும் மூன்றாம் பிரகாரத்தை ஒருமுறை முழுவதும் சுற்றி வாருங்கள். சேதுபதி மன்னர்கள் கட்டுவித்த அந்தப் பிரகாரத்தில் 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு மூலையில் நின்று எதிர்மூலையைப் பார்த்தால் தூண்கள் குறுகிக் குறுகி ஒரு புள்ளியில் போய் முடியும். கையில் கைப்பேசி இல்லாததால் யாரும் படமெடுக்கப் போவதில்லை. எல்லோரும் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அறைக்குத் திரும்பியதும் ஈரத் துணியைக் கவனியுங்கள். பலரும் அவற்றைப் பாலித்தீன் பையில் திணித்து, பெட்டியின் ஓரத்தில் செருகிக் கிளம்பிவிடுகிறார்கள். நாகர்கோவிலில் பெட்டியைத் திறக்கும்போது எழும் வாடை மறக்கக்கூடியதன்று. எங்கள் வீட்டில் ஒருமுறை பிரசாதப் பொட்டலமும் அந்த வாடையோடுதான் வந்து சேர்ந்தது. தீவில் காற்றுக்குக் குறைவில்லை. விடுதி மொட்டை மாடியில் கொடி இருந்தால், நன்றாகப் பிழிந்து உதறிப் போட்ட பருத்தி வேட்டி, நீங்கள் காலை உணவை முடித்து வருவதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். பத்தடி நைலான் கயிறும் ஏழெட்டுத் துணிக் கவ்விகளும் ஊரிலிருந்தே கொண்டுபோவது இதற்காகத்தான். காயாமல் எஞ்சியவற்றை, காற்றுப் போகும்படி சிமெண்டுச் சாக்கு நூலில் பின்னிய பையில் தனியாகக் கொண்டுவாருங்கள். காரில் போகிறவர்கள் பின்னிருக்கையில் விரித்துப் போட்டுவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ராமநாதபுரம் தாண்டுவதற்குள் காய்ந்துவிடும்.

கடைத்தெருவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சங்கு, சோழி, சிப்பி மாலை ஆகியவற்றை நாம் கன்னியாகுமரிக் கடற்கரையிலேயே பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். கருவாடும் கருப்பட்டியும் நமக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல. வாங்கத்தக்கது என்று நான் கருதுவது ராமநாதபுரம் முண்டு மிளகாய். உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும் இந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தீவில் தேடாமல், போகும் வழியில் ராமநாதபுரத்திலோ அதைச் சுற்றியோ வாங்குங்கள்.

நண்பகலுக்குப் பின் என்ன செய்வது என்பது, எதில் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரவு ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு நீண்ட பிற்பகல் மிச்சமிருக்கும். அதை வீணாக்கத் தேவையில்லை. பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு ஆட்டோவிலோ பேருந்திலோ பாம்பன் பக்கம் போய்வரலாம். வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. 2015-இல் அவரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பி, 2017 ஜூலை 27-ஆம் தேதி திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் என்றால் இங்கே ஒரு மணி நேரம் எளிதாகப் போய்விடும். ஆனால் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால், குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்வது குந்துகால். பாம்பனுக்குத் தெற்கே, கடலோரத்தில், அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஊர். 1892 டிசம்பரில் நம் கன்னியாகுமரிப் பாறையில் தியானத்தில் அமர்ந்த விவேகானந்தர், சிகாகோ போய், மேல்நாடுகளில் பேசிவிட்டு, இலங்கை வழியாகத் திரும்பி 1897 ஜனவரி 26-ஆம் தேதி இந்திய மண்ணில் கால் வைத்தது இங்கேதான். அவரை வரவேற்க ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி காத்திருந்தார். நம் பாறைக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கும் இங்கே இருக்காது. பாறையிலிருந்து புறப்பட்ட பயணம் முடிந்த கரை எது என்பதை நம் பிள்ளைகளுக்கு அங்கேயே நிறுத்திச் சொல்லலாம்.

பாலத்தைப் பகலில் பார்த்துவிட வேண்டியதும் ரயில்காரர்களுக்கு இந்தப் பிற்பகலில்தான், ஏனென்றால் இரவு வண்டியில் பாலத்தைக் கடக்கும்போது இருட்டையும் சக்கரச் சத்தத்தையும் தவிர எதுவும் கிடைக்காது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் மேலெழும். 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் இப்போது வண்டிகள் ஓடுகின்றன. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு முழுவதுமாக, லிஃப்டைப்போல, நேர்மேலே 17 மீட்டர் உயரும். சாலைப் பாலம் 1988-இல் வந்தது. அதன் மேல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வேடிக்கை பார்க்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. பின்னால் வரும் பேருந்துக்கு இடைஞ்சல், இறங்குபவர்களுக்கு ஆபத்து. பாலத்துக்கு முன்பே பாம்பன் கரையில் இறங்கி நிதானமாகப் பார்ப்பதே முறை.

காரில் திரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திராமல், 11 மணிக்கே தீவைவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. ராமநாதபுரம் வரை 55 கிலோமீட்டர். அங்கே சாப்பிட்டுவிட்டுக் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடிக்கு இறங்கலாம். இந்தப் பகுதியில் இருபுறமும் சீமைக் கருவேலமும் உப்பளமுமாக இருக்கும். சாலை நேராகக் கிடப்பதால் ஓட்டுநருக்குத் தூக்கம் வரும், திடீரென்று ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வரும். இருட்டிய பின் இந்தச் சாலையில் போகக்கூடாது என்பதற்காகவே 11 மணிக் கணக்கு. திருப்புல்லாணிக்கும் போய்விடலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், அங்கும் பெருமாள் கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும் என்பதைச் சொல்லி, அதை வரும் வழியில், முதல் நாளில் வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். தூத்துக்குடியில் மக்ரூன் என்ற இனிப்பை வாங்க நிற்பதை எந்தப் பிள்ளையும் விட்டுத்தராது. அரைமணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அங்கிருந்து திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் வழியாக வந்தால் கடற்கரையோடே வரலாம். திருநெல்வேலி வழியாக வந்தால் நான்குவழிச் சாலை. மாலை 5 மணிக்குள் தூத்துக்குடியைத் தாண்டியிருந்தால் முன்னது, இல்லையென்றால் பின்னது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேருந்தில் திரும்புகிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. பேருந்து நிலையம் கோயிலிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் நேரே போகும் வண்டிகள் குறைவு என்பதால் அவற்றின் நேரத்தை முந்தின நாளே நிலையத்தில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நேர்வண்டி தவறினால் மதுரைக்குப் போய் அங்கிருந்து நாகர்கோவில் வண்டி பிடிப்பது சுற்றுவழிதான். என்றாலும் நள்ளிரவிலும் வண்டி கிடைக்கும்.

ரயில்காரர்களுக்கு இறுதியாக ஒரு விவரம். அந்த வண்டி விடியும் முன்பே நாகர்கோவிலைத் தொட்டுவிடும், அதற்குப் பிறகு கன்னியாகுமரியில்தான் நிற்கும். மூன்று நாள் அலைச்சலும் தீர்த்தமாடிய களைப்பும் சேர்ந்து வரும் தூக்கத்தைக் கைப்பேசி மணி எழுப்பிவிடும் என்று நம்பக்கூடாது. வள்ளியூர் தாண்டும்போது விழித்திருக்க ஒருவரை நியமியுங்கள். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கம் போக வேண்டியவர்கள் நாகர்கோவில் சந்திப்பு நிலையத்திலிருந்து வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடித்து முதல் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். கூட முதியவர்கள் இருந்தால் வாடகை வண்டிக்கு முந்தின மாலையே சொல்லி வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் படுப்பதற்கு முன், அக்னி தீர்த்தத்தில் நனைந்த துணிகளை மட்டும் நல்ல தண்ணீரில் முக்கி வையுங்கள். எத்தனை கிணற்று நீர் பட்டிருந்தாலும் மடிப்புக்குள் உப்பு இருக்கும், கொக்கிகளும் ஊக்குகளும் துருவேறி மறுநாளே துணியில் கறை பிடித்துவிடும்.